ஒப்புதல் பெற்ற காற்று

உத்தரவு வந்த அன்று பெண்டுலத்தின் வலது கால் வழக்கத்தைவிட வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கால் சாதாரணமாகவே ஆடும். உட்கார்ந்தால் ஆடும், நின்றால் ஆடும், தூங்கினால் கட்டிலையும் சேர்த்துக்கொண்டு ஆடும். தானியக் கிடங்கின் வாசலில் இருபத்திரண்டு வருடமாகத் துப்பாக்கியும் கையுமாக நிற்கிற காவலர் அவர். கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடுகிறார் என்று மூட்டை இறக்குகிறவர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் யாருடையது என்று அவரே ஒரு முறை கேட்டதாகச் சொல்வார்கள்.

அந்த இருபத்திரண்டு வருடத்தில் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. ஒரு கோடையில் குழலுக்குள் குளவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குடும்பத்தோடு கிளம்பிப் போயிற்று. நடுவில் தொந்தரவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை. திருடன் வந்தால் என்ன செய்வீர் என்று கேட்ட மேலாளரிடம், "குளவி பாத்துக்கும் சார்" என்றார். மேலாளர் சிரிக்கவில்லை. திருடனும் வரவில்லை.

உண்மையில் அந்த வாசலில் அவர் செய்துவந்த வேலை வேறு. லாரி வந்து நின்றதும் மூட்டை இறக்குகிறவர்கள், "அண்ணே, காத்து எந்தப் பக்கம்?" என்று குரல் கொடுப்பார்கள். பெண்டுலம் பின்கழுத்தை ஒரு தடவு தடவிக்கொண்டு, "ஏரிப் பக்கம்" என்றோ "குன்றுப் பக்கம்" என்றோ திருப்பிக் கத்துவார். ஆட்கள் உமித்தூசு முகத்தில் அடிக்காத பக்கமாக நகர்ந்து நிற்பார்கள். அந்த ஊர்க் காற்றுக்கு இரண்டு வீடு. ஒரு நாள் ஏரியிலிருந்து வரும், மறுநாள் குன்றிலிருந்து வரும், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அல்லாடுகிற ஆம்பளை மாதிரி. எந்த நாள் எந்த வீடு என்று பெண்டுலத்தின் பின்கழுத்து ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் சம்பளம் கழுத்துக்கு இல்லை, துப்பாக்கிக்கு.

உத்தரவு சுருக்கமாக இருந்தது. துப்பாக்கி ஏந்தும் காவலர் அனைவரும் நெடுந்தூரச் சுடுபயிற்சி நிலையத்தில் முறையாகப் பயின்று, நூறு நாளுக்குள் தேர்ச்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். காட்டாதவர் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியோடு சேர்ந்ததுதான் கிடங்குக்குப் பின்னால் இருந்த காவலர் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்தக் கொஞ்சம் வெளி.

"துப்பாக்கி போனா போகட்டும்" என்றாள் மனைவி. "வீடு போனா நாம எங்க போறது?"

லாரி ஓட்டுகிற மச்சினன் அப்போது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சுடறது ஒரு விஷயமா மாமா? அங்க பாக்கணும், இங்க அழுத்தணும். அவ்வளவுதான்."

"நீ ஓட்டற லாரி அங்க பாத்து எங்கயோ போகுது. நீ பேசாத" என்றாள் அவனுடைய அக்கா.

பெண்டுலத்தின் கால் பட்டு மேசை தடதடத்தது.

*

பயிற்சி நிலையம் ஊருக்கு வெளியே, இடப்பக்கம் ஏரியும் வலப்பக்கம் குன்றுமாக ஒரு நீண்ட மைதானம். இந்த முனையில் அலுவலகம். அந்த முனையில், அறுநூறு மீட்டர் தள்ளி, மண்மேட்டின் முன்னால் இலக்குப் பலகை. வாசல் வளைவில் 'ஒழுங்கே இலக்கு' என்று எழுதியிருந்தது. பெண்டுலம் அதை ஏதோ நல்ல வாசகம் என்று நினைத்து உள்ளே போனார். அது விதி என்று பிறகுதான் தெரிந்தது.

செயலாளர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். முதல் நாள் உரையை அவர் நின்றுகொண்டே ஆற்றினார்.

"இங்க வர்றவங்க எல்லாருமே குறி பாத்துச் சுடக் கத்துக்கணும்னு வர்றாங்க. அதுல தப்பில்ல. ஆனா அது ஆரம்பநிலை ஆசை. நாங்க கத்துக் குடுக்கறது பயிற்சி. குறிக்காகப் பயிற்சி பண்றவன் குறி பட்டதும் நிறுத்திடுவான். பயிற்சிக்காகப் பயிற்சி பண்றவனுக்கு நிறுத்தற அவசியமே வராது. நான் முப்பது வருஷமாப் பண்றேன்."

"எத்தனை தடவை பட்டிருக்கு சார்?" என்று கேட்டார் பெண்டுலம்.

"பாத்தீங்களா, ஆரம்பநிலைக் கேள்வி."

முதல் இருபது நாள் படுத்தார்கள். துப்பாக்கி இல்லாமல், பாயில், குப்புற, கால்களை அகட்டி. காலை எட்டு மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்கலாம். பெண்டுலத்தோடு படுத்த ஒன்பது பேரும் பழைய ஆட்கள். வங்கிக் காவலர், கருவூலக் காவலர், இப்படி. வருடா வருடம் வந்து சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்கிறவர்கள். அவர்கள் படுத்த அடுத்த நிமிடம் குறட்டை வரும். செயலாளர் அதை 'அசைவின்மை' என்று குறித்துக்கொள்வார். பெண்டுலத்தின் கால் மட்டும் பாயோடு ஆடி ஆடி, பன்னிரண்டு மணிக்குள் அவரை வரிசையைவிட்டு அரை அடி முன்னால் கொண்டுபோய்விடும். அவர் கோப்பில், 'படுக்கை ஏற்கத்தக்கது. கால் பரிசீலிக்கப்பட வேண்டும்' என்று எழுதப்பட்டது.

அடுத்த இருபது நாள் மூச்சு. பாதி மூச்சை வெளியே விட்டு மீதியை உள்ளே நிறுத்த வேண்டும். செயலாளர் ஒரு முறை விசில் ஊதினால் நிறுத்துவது, மறுபடி ஊதினால் விடுவது. பதினாலாவது நாள் முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் அவருக்கு ஒரு தொலைபேசி வந்துவிட்டது. இரண்டு பேர் மயங்கிவிட்டார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் இருவருக்கும் 'மூச்சில் தனிச்சிறப்பு' கிடைத்தது. பெண்டுலம் திருட்டுத்தனமாக மூக்கால் விட்டிருந்தார். அவருக்குச் சாதாரணத் தேர்ச்சி.

அதற்கடுத்த இருபது நாள் குண்டில்லாத துப்பாக்கியின் விசையைச் சொடுக்கினார்கள். டிக், டிக், டிக் என்று பத்துத் துப்பாக்கி. ராத்திரி சாப்பாட்டில் அப்பளம் நொறுங்கினால்கூட பெண்டுலத்தின் ஆள்காட்டி விரல் மடங்கியது.

"அறுபது நாள் ஆச்சு" என்றாள் மனைவி. "இன்னும் குண்டை எப்பதான் கண்ணுல காட்டுவாங்க?"

"காத்து முடிஞ்சதும்."

"காத்து முடியுமா?"

*

காற்று அலுவலருக்குத் தனி அறை உண்டு. அதன் சன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும். திறந்தால் காகிதம் பறக்குமாம். காலை ஒன்பது மணிக்கு அவர் வெளியே வந்து கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். பார்த்ததைப் படிவத்தில் எழுதுவார். படிவம் காற்றுத் துணைக்குழுவுக்குப் போகும். சாயங்காலம் செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் விழும். மறுநாள் காலை அது சுடுகளத்துக்கு வரும். 'ஏரிக் காற்று, நடுத்தரம்' என்றோ 'குன்றுக் காற்று, நடுத்தரம்' என்றோ அதில் இருக்கும். பத்துப் பேரும் அதன் கீழே 'காற்றைப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பெண்டுலத்துக்குச் சந்தேகம் வந்தது.

"சார், இது நேத்து காத்து இல்லையா?"

"நேத்து எடுத்தது" என்றார் காற்று அலுவலர். "இன்னைக்கு ஒப்புதல் ஆயிருக்கு."

"அப்ப இன்னைக்கு வீசறது?"

"அது பரிசீலனையில இருக்கு."

விஷயம் எளிமையானது. ஏரிக் காற்று இடப்பக்கமிருந்து வந்து குண்டை வலப்பக்கம் தள்ளும். அதனால் துப்பாக்கியின் குறிக்கருவித் திருகை மூன்று சொடுக்கு இடப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். குன்றுக் காற்றானால் மூன்று சொடுக்கு வலப்பக்கம். ஆனால் காகிதத்தில் ஏரிக் காற்று இருக்கிற அன்று மைதானத்தில் குன்றுக் காற்று வீசும். இடப்பக்கம் திருப்பிய குண்டை அது இன்னும் இடப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். குண்டு பலகைக்கு இரண்டு கட்டில் நீளம் தள்ளி மண்மேட்டில் போய்ப் புதையும். மறுநாள் அதே கதை வலப்பக்கம். இந்த ஒப்புதல் முறை வந்து பதினோரு வருடம். மண்மேட்டில் இடப்பக்கம் ஒரு குழி, வலப்பக்கம் ஒரு குழி விழுந்திருந்தது, இரண்டு காது மாதிரி. நடுவில் இலக்குப் பலகை மூக்கு மாதிரி, ஒரு பொத்தல் இல்லாமல், வண்ணம்கூடக் கலையாமல் நின்றது. மழைக்காலத்தில் மட்டும் இரண்டு மாதம் ஏரிக் காற்று விடாமல் ஒரே பக்கமாக வீசும். அந்த இரண்டு மாதமும் நிலையத்துக்கு விடுமுறை.

குண்டு எங்கே விழுந்தது என்று தொலைபேசியில் சொல்வதற்காக அந்த முனையில் ஒருவர் இருந்தார். பலகைக்குக் கீழே அவருக்கென்று வெட்டிய பதுங்குகுழியில் ஈரம். முட்டி வலிக்கிறது என்று மேலே ஏறி வந்துவிட்டார். பலகைக்கு முன்னாலேயே ஒரு நாற்காலி போட்டு, பலகையின் மூலையில் சட்டையை மாட்டி, நட்டநடுக் கரும்புள்ளியில் ஓர் ஆணி அடித்து டீ ஃப்ளாஸ்க்கைத் தொங்கவிட்டிருந்தார். எல்லோரும் அவரைக் குழிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குழியில் இல்லாவிட்டாலும் பதவி அதுதான்.

எழுபத்தோராவது நாள் பெண்டுலத்தின் கையில் முதல் குண்டு வந்தது.

காகிதம் குன்றுக் காற்று என்றது. அவர் பணிவாகத் திருகை வலப்பக்கம் மூன்று சொடுக்குத் திருப்பினார். படுத்தார். பாதி மூச்சை விட்டார். அப்போது பின்கழுத்தில் ஏரி தடவியது. அவரைக் கேட்காமலேயே அவர் கை திருகை ஆறு சொடுக்கு இடப்பக்கம் திருப்பியது. வெடித்தது. அறுபது நாள் அசையாமல் இருக்கப் பழக்கிய கால் எகிறிப் பக்கத்துப் பாயில் இருந்த வங்கிக் காவலரை உதைத்தது.

தொலைபேசி மணி அடித்தது. செயலாளர் எடுத்தார்.

"சார்" என்றார் குழிக்காரர். "ஒரு குண்டு வந்துருக்கு சார்."

"எந்தக் குழி?"

"குழி இல்ல சார். இங்க."

*

விசாரணை இரண்டு நாள் கழித்துச் செயலாளரின் அறையில் நடந்தது. மேசைமேல் ஃப்ளாஸ்க் வைக்கப்பட்டிருந்தது. நடுவயிற்றில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிருந்தது குண்டு. குழிக்காரருக்கு அன்று டீ ஊற்றிக்கொள்ளச் சோம்பலாக இருந்ததால்தான் உயிர் தப்பினார். ஊற்ற எழுந்து போயிருந்தால் குண்டு அவர் மேல்தான் பாய்ந்திருக்கும்.

"பதினோரு வருஷமா அங்க உக்காந்திருக்கேன் சார். ஒரு குண்டு எட்டிப் பாத்ததில்ல. அந்த நம்பிக்கையிலதானே என் வீட்டுக்காரி டீ போட்டுக் குடுத்து அனுப்பறா."

"அண்ணே, அது இலக்கு" என்றார் பெண்டுலம். அவர் முகம் வெளுத்திருந்தது. "அங்கதானே சுடச் சொல்றாங்க. நீங்க அங்க இருக்கீங்கன்னு யாருமே சொல்லலயே."

"நான் எங்க இருப்பேன்? குழிக்குப் பக்கத்துலயா? அங்கதான் குண்டு வருதே."

செயலாளர் காற்று அலுவலரைப் பார்த்தார்.

"என் பதிவுப்படி அன்னைக்குக் குன்றுக் காத்து" என்றார் காற்று அலுவலர். "அந்தக் காத்துல அந்தத் துப்பாக்கிக் குண்டு அந்த இடத்துக்குப் போகவே முடியாது. அதனால போகல. அப்படியும் போயிருந்தா ஆள்தான் தப்பு, காத்து தப்பில்ல."

"அன்னைக்கு ஏரிக் காத்து சார். கழுத்துல பட்டுது" என்றார் பெண்டுலம்.

செயலாளர் மூன்று பேனாக்களில் சிவப்பை எடுத்தார்.

"அப்ப சொந்தக் காத்துல சுட்டிருக்கீங்க. எழுதிக்கறேன். நல்லா யோசிச்சுப் பாருங்க. பத்துப் பேர் வரிசையாப் படுத்து, பத்துப் பேரும் அவங்கவங்க கழுத்துல படற காத்துல சுட ஆரம்பிச்சா அது பயிற்சி நிலையமா, சந்தையா? பத்துப் பேரும் சேர்ந்து ஒரே இடத்துல தப்பினா, அதுக்குப் பின்னாடி ஒரு முறை இருக்குன்னு அர்த்தம். ஒருத்தர் மட்டும் சரியாச் சுட்டா அதுக்குப் பேரு விபத்து. இந்த நிலையத்துல இதுவரைக்கும் விபத்தே நடந்ததில்ல."

ஒரு தடவை மன்னிப்பு. மறுபடியும் சொந்தக் காற்றில் சுட்டால் பெயர் நீக்கம். நூறு நாளில் இருபத்தேழு நாள் மீதி இருந்தது.

அன்று திரும்பி வரும் வழியில் பெண்டுலத்துக்கு வீட்டு ஞாபகம் ஒரு பக்கமும், அந்த ஃப்ளாஸ்க்கின் பொத்தல் இன்னொரு பக்கமுமாக மாறி மாறி வந்தது. ஒரு கட்டத்தில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "காலைக் கொஞ்சம் நிறுத்துங்க சார், எனக்கு வயித்தைப் புரட்டுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

*

வீட்டில் புதுப் பயிற்சி ஆரம்பமாயிற்று. துணி உலர்த்தும் வெளியில் பாய் விரித்து, துடைப்பக்கட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு பெண்டுலம் படுத்தார். மச்சினன் லாரியிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி மூடியைக் கொண்டுவந்து விசிறினான்.

"மாமா, நான் இடப்பக்கம் விசிறறேன். நீங்க வலப்பக்கம்னு நம்பணும்."

"எப்படிடா நம்பறது? காதுக்குள்ளயே வந்து அடிக்குது."

"அப்படி நினைக்கவே கூடாது. காகிதத்துல என்ன போட்டிருக்கு? வலப்பக்கம். அப்ப இது வலப்பக்கம்."

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா நான் எதைச் சொன்னாலும் நேர் எதிராத்தான் உங்க காதுல விழுது. அதை நம்பிக் குடித்தனமும் நடத்தியாச்சு. இதுக்குத் தனியாப் பயிற்சி வேறயா?"

ஆனால் கழுத்து பிடிவாதமாக இருந்தது. கடைசியில் ஒரு தடித்த துண்டைப் பின்கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். துண்டுக்குள் காற்று நுழையவில்லை. குண்டுகள் ஒழுங்காக இடக்குழியிலும் வலக்குழியிலும் விழுந்தன. 'சொந்தக் காற்று குறைந்துள்ளது' என்று செயலாளர் பச்சைப் பேனாவால் எழுதினார். குழிக்காரரும் புது ஃப்ளாஸ்க்கைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

அவரிடம் பெண்டுலம் ஒரு நாள் தனியாகப் பேசிப் பார்த்தார். "அண்ணே, கீழ குழியிலயே உக்காரக் கூடாதா?"

"முட்டி வலிக்கும்."

"ஒருவேளை குண்டு வந்துச்சுன்னா?"

"நீங்கதான் திருந்திட்டீங்களே" என்றார் குழிக்காரர்.

*

இறுதித் தேர்வு தொண்ணூறாவது நாள் என்று இருந்தது. நிலையத்தின் தலைவர் வந்து பார்வையிட வேண்டும். அவருக்கு அன்று ஒழியவில்லை. தொண்ணூற்று நாலுக்குத் தள்ளினார்கள். அன்றும் ஒழியவில்லை. தொண்ணூற்றேழு. அன்று அவருக்குப் பல் பிடுங்கல். கடைசியில் தொண்ணூற்றொன்பதாவது நாள் உறுதியானது. மறுநாளிலிருந்து நிலையத்துக்கு மழைக்கால விடுமுறை. மறுநாள்தான் பெண்டுலத்தின் கெடுவும்.

அன்று காலை அவர் போனபோது, நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் மைதானத்தின் மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே பலகைக்கு முன்னால் துணிப்பந்தல் போட்டிருந்தது. தலைவர் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கோட்டு அணிந்திருந்தார். அவருக்கும் கூட வந்த நாலு பேருக்கும் செயலாளர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இலக்குக்கு நேர் முன்னாடி உக்காந்தீங்கன்னா நல்லாப் பாக்கலாம் சார். மைதானத்துலயே பாதுகாப்பான இடமும் அதுதான். பதினோரு வருஷ அனுபவம் சார்."

"நிழல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார் தலைவர்.

பத்துப் பேரும் படுத்தார்கள். காற்று அலுவலர் காகிதத்தைப் படித்தார். "ஏரிக் காற்று, நடுத்தரம்." காகிதம் வரிசையில் கை மாறி வர ஆரம்பித்தது. பத்துத் திருகும் மூன்று சொடுக்கு இடப்பக்கம் திரும்பின.

வெயில் இல்லை. வானம் மூடியிருந்தது. துண்டுக்குள் வியர்த்தது. பெண்டுலம் அதை ஒரு கணம் தளர்த்தினார். பின்கழுத்தில் ஏரி தடவியது.

நேற்றும் ஏரிதான். இன்றும் ஏரிதான். மழைக்காற்று ஒரு நாள் முன்னதாகவே வந்து குடியேறிவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, காகிதத்தில் இருக்கிற காற்றும் மைதானத்தில் வீசுகிற காற்றும் ஒன்றாக இருந்தன. ஒழுங்காகச் சுட்டால் பத்துக் குண்டும் ஒழுங்காகப் போய்ப் பட்டுவிடும். பட வேண்டிய இடத்தில் தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழிக்காரர் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெண்டுலத்தின் கால் பாயைத் தட்டத் தொடங்கியது.

"சார்" என்றார்.

"சுடுகளத்துல பேசக் கூடாது" என்றார் செயலாளர்.

"சார், இன்னைக்கும் ஏரிக் காத்துதான் சார் வீசுது. சுட்டா பட்டுடும்."

செயலாளர் குனிந்து அவர் காதருகே வந்தார். "சொந்தக் காத்து திரும்பவும் வந்துடுச்சா? ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா? இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா பேரை அடிச்சுடுவேன்."

"அவரு செத்துடுவாரு சார்."

"தலைவர் வந்திருக்கற நேரத்துல அபசகுனமாப் பேசாதீங்க."

காகிதம் ஒன்பதாவது ஆளிடம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நீட்டினார். பெண்டுலம் வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, எண் இருந்தது, தேதி இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. செயலாளர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

பெண்டுலம் காகிதத்தை நாலாக மடித்து வாயில் போட்டு மென்றார்.

முத்திரை மை கொஞ்சம் கசந்தது. மற்றபடி விழுங்கும்படியாகத்தான் இருந்தது.

காற்று அலுவலர்தான் முதலில் பார்த்தார். "சார், இவரு காத்தைத் தின்னுட்டாரு."

மைதானம் நின்றுபோயிற்று. காற்று இல்லாமல் யாரும் சுட முடியாது. செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். காற்றின் நகலைத் தலைவர் மட்டுமே வழங்கலாம், அலுவலக அறையில் மட்டுமே வழங்கலாம், முத்திரை அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. தொலைபேசியில் தலைவரைக் கூப்பிட்டார்கள்.

"காத்து தீந்துபோச்சா? எப்படி?"

"ஒருத்தர் சாப்பிட்டுட்டார் சார்."

"அவங்களுக்கு டிபன் ஏற்பாடு பண்ணலையா?"

தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு நடந்து வந்தார். அறுநூறு மீட்டர். நாலு பேரும் பின்னால் வந்தார்கள். பெண்டுலம் படுத்தபடியே தலைகளை எண்ணினார். ஐந்து. குழிக்காரரின் தலை அதில் இல்லை. பந்தலுக்குள் இருட்டாக இருந்தது. அங்கே யாராவது இருக்கிறார்களா இல்லையா என்று இங்கிருந்து தெரியவில்லை.

அறைக்குள் முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. நகல் வந்தது. அதே ஏரிக் காற்று, நடுத்தரம். இந்த முறை பெண்டுலத்திடம் காகிதத்தைக் கொடுக்கவில்லை. தள்ளி வைத்துக்கொண்டு காட்டினார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால், தலைவர் திரும்பிப் போகும்வரை காத்திருக்காமல் செயலாளர் விசில் ஊதினார்.

பெண்டுலத்துக்கு வீடு தெரிந்தது. அதோடு ஃப்ளாஸ்க்கின் பொத்தலும் தெரிந்தது. கை திருகைப் பிடித்து ஆறு சொடுக்கு வலப்பக்கம் திருப்பியது. அழுத்தினார்.

ஒன்பது குண்டு ஒரு பக்கம் போயிற்று. ஒரு குண்டு தனியாக வலக்குழியில் போய் விழுந்தது.

அப்போது அலுவலகத்தின் பின்புறமிருந்து, கையில் காலி ஃப்ளாஸ்க்கோடு குழிக்காரர் வந்தார். "டீ தீந்துபோச்சு. அதான் இவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே ஏரிக்கரை ஓரமா நடந்து வந்துட்டேன்" என்றார். "என்ன, எல்லாரும் சுட்டாச்சா?"

*

தலைவரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோட்டும் கூடவே வந்தது. கோட்டின் முதுகில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள், ஒன்பது பொத்தல். அந்த நிலையத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு நெருக்கமாக யாரும் சுட்டதில்லை. ஒன்பது பேரும் அதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

தலைவர் ஒரு பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"எல்லாரும் முறைப்படிதான் சார் சுட்டாங்க" என்றார் செயலாளர். "உங்க கையெழுத்துப் போட்ட காத்துலதான் சுட்டாங்க. காத்துதான் சார் ஒழுங்கு தவறிடுச்சு. நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் இருந்துடுச்சு."

"முன்கூட்டியே தகவல் குடுக்கல சார்" என்றார் காற்று அலுவலர்.

தலைவர் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அவர் பேச்சு நீளம். சாரம் இவ்வளவுதான். "பதினோரு வருஷமா இந்த இலக்கை நாம ஒரு கீறல் இல்லாமக் காப்பாத்தியிருக்கோம். முன்னாடி இருந்த தலைவர் என்கிட்ட அப்படித்தான் ஒப்படைச்சார். இன்னைக்கு ஒன்பது பேர் அந்த மரபை உடைச்சிருக்காங்க. ஒரே ஒருத்தர்தான் காலங்காலமா எங்க சுடறோமோ அங்க சுட்டிருக்கார். யாரு அது?"

பெண்டுலம் எழுந்து நின்றார். நின்றதும் கால் ஆடியது.

"காகிதத்தைச் சாப்பிட்டதும் இவர்தான் சார்" என்றார் செயலாளர்.

"அவர் சாப்பிட்டது பழசுதானே" என்றார் தலைவர். "என் கையெழுத்துப் போட்டதைச் சாப்பிடலையே. எப்படிச் சரியாக் குழியில சுட்டீங்க?"

"குழிக்காரர் இங்க வந்துட்டாரான்னு எனக்குத் தெரியல சார். அதான் தள்ளிச் சுட்டேன்."

இந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லாததால் செயலாளர் எழுதவில்லை. ஒன்பது பேரும் தேர்ச்சி பெறவில்லை. சான்றிதழ் ஒன்றே ஒன்று தட்டச்சாயிற்று. கீழே குறிப்பு என்ற இடத்தில், 'தேர்வின்போது காற்றை உட்கொண்டார். மற்றபடி ஒழுக்கமானவர்' என்று இருந்தது.

காற்றையும் சும்மா விடவில்லை. முன் அனுமதியின்றி இரண்டு நாள் ஒரே திசையில் வீசியதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதற்கு ஒரு நோட்டீஸ் தயாரானது. பெறுபவருக்கு முகவரி இல்லாததால் கொடிக்கம்பத்தில் ஒட்டினார்கள். சாயங்காலம் பார்த்தபோது அதைக் காணவில்லை. பெறுபவர் நேரில் பெற்றுக்கொண்டதாகக் காற்று அலுவலர் கோப்பில் எழுதி வைத்தார்.

*

நூறாவது நாள் மேலாளர் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, கோப்பில் சேர்த்தார்.

"வீடு இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"இருக்கு."

"எங்க பட்டுச்சு?"

"படக்கூடாத இடத்துல படல."

"அதுக்குத்தான் நூறு நாளா?" என்று கேட்டுவிட்டு அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வாசலில் லாரி வந்து நின்றது. பெண்டுலம் துப்பாக்கியோடு தன் இடத்தில் போய் நின்றார். மூட்டை இறக்குகிறவர்களில் ஒருவன் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டே குரல் கொடுத்தான்.

"அண்ணே, காத்து எந்தப் பக்கம்?"

பெண்டுலத்தின் கை பின்கழுத்துக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். மேலாளர் அறையின் சன்னலைப் பார்த்தார். பிறகு நாலு எட்டு நடந்து லாரிக்குப் பக்கத்தில் போய், அவன் காதில் மெதுவாகச் சொன்னார்.

"ஏரிப் பக்கம்தான். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத."